வானம் காலி, விமானம் தாமதம்

எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியை முதலில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வந்தது. அதுவும் போதாது என்று ஆனபோது எங்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மற்றொரு குழுவின் கண்ணிலேயே படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பல வருஷமாக ஒரே மேசையில் வேலை பார்த்த நாங்கள் அதன்பிறகு ஒரே அறையில் சேர்ந்து உட்காரவே இல்லை.

எங்கள் வேலை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. இதைச் சொன்னால் எல்லோரும் உயரமான டவரையும் கையில் மைக்கையும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அவரும் பார்த்தது அதற்கு முந்தைய வேலை. ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானத்தை நம்மால் பத்திரமாக இறக்க முடியும், அதற்கு மேல் வருவதை எந்த ஊரில் தரையிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று முடிவு செய்து சொல்கிற மேசை. ஃப்ளோ டெஸ்க் என்போம். கதவை மூடிவிட்டு விமானம் நகராமல் நிற்கும்போது உள்ளே இருப்பவர்கள் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்க்கிறார்களே, அந்த எரிச்சலுக்குப் பின்னால் எங்களைப் போல் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

அவர் கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளான்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காலை ஷிப்ட் என்றால் வீட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமான நாசி லெமாக் இரண்டு பொட்டலம் வாங்கி வருவார். ஒன்று எனக்கு, சம்பல் குறைவாக. சாப்பாட்டில் ஒத்துப்போன நாங்கள் வேலையில் ஒத்துப்போனதில்லை. நான் பயந்தாங்கொள்ளி. சுபாங் பக்கம் வானம் கறுத்தால் போதும், உடனே எண்ணிக்கையைக் குறைத்துவிடுவேன். அவர் எட்டிப் பார்த்து, இன்னும் ரெண்டு போடலாம் தங்கச்சி, ரேடார் பசங்க சமாளிப்பானுங்க என்பார். நான் மாட்டேன் என்பேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கூட்டி இருவரும் சமாதானமாவோம்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த முதல் வாரம் திரையைப் பார்க்கவே முடியவில்லை. எங்கள் பேச்சில் அந்த ஆணைக்கு எம்சிஓ என்று பெயர். கடைகள் அடைத்தது, கோயில் அடைத்தது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு அது திரையில் தெரிந்தது. சாயங்கால நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மலாக்கா நீரிணை மேல் வரிசைகட்டி வருகிற புள்ளிகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஒரு நாள் திரை முழுக்கத் தேடினால் ஒரு சரக்கு விமானம் மட்டும் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதை நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் வீடு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் தண்டவாளத்தைப் பார்த்த அடுக்குமாடியில். பூக்கடைக்காரர்கள் இல்லை, ஜோசியக்காரர் இல்லை, வாழையிலைச் சாப்பாட்டுக்கு வாசலில் நிற்கிற கூட்டம் இல்லை. என் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். நான் மட்டும் அனுமதிக் கடிதத்தைக் காரில் வைத்துக்கொண்டு விமான நிலையம் இருக்கிற சிப்பாங் வரைக்கும் ஆளில்லாத நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவேன். ரோட் பிளாக்கில் ஒரு இளம் போலீஸ்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, விமானமே இல்லையே, நீங்கள் என்ன கட்டுப்படுத்துகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வேலை குறைந்தால் நல்லதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் சொன்னார்கள். ரேடார் முன்னால் உட்காருகிறவர்களுக்கு அது நல்லதில்லை. தினமும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணும் வாயும் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் மழுங்கிவிடும். கணினியில் பொய்யான விமானங்களை ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். அது பயிற்சி என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் விமானிகளும் அப்படித்தான் இருந்தார்கள். எப்போதோ ஒரு தடவை பறக்க வருகிறவரின் குரலில் தயக்கம் கேட்கும். சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது தடுமாறுவார்.

ஷிப்ட் மாறும்போது ஒரு குழு வெளியேறி, அறையைத் துடைத்து முடித்த பிறகுதான் மற்ற குழு உள்ளே வரும். அந்தக் கொஞ்ச நேரம் மாற்று அறையிலிருந்து இருவர் வானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவருடைய குழு கார் நிறுத்துமிடத்தில் காத்திருக்கும். நான் மேசையிலிருந்து அவருக்குப் போன் போட்டு நிலவரத்தைச் சொல்வேன். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் வீட்டுக் கதை பேசுவோம். அவருக்கு ஒரே மகள். தமிழ்நாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மூடிவிட்டாலும் விடுதியிலேயே இருக்கிறாள், மருத்துவமனை வார்டில் உதவிக்குக் கூப்பிடுகிறார்களாம் என்றார். பயமா இருக்கா அண்ணே என்று கேட்டேன். அவளுக்கு இல்ல, எனக்குத்தான் என்றார். பேசி முடித்துப் படியிறங்கும்போது ஜன்னல் வழியாக அவர் கார் தெரியும். விளக்கை ஒரு முறை போட்டு அணைப்பார். அவரை நான் பார்த்ததெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் அவ்வளவுதான்.

இரண்டாவது வருஷம் வேறு மாதிரி இருந்தது. முதல் வருஷம் நோய் செய்தியில் இருந்தது. இரண்டாவது வருஷம் அது கோலாலம்பூரையும் சேர்த்துக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாக ஏறி வந்தது. எங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள மலிவு விலை ஃப்ளாட்டில் ஒரு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கியது. சாப்பாட்டுக்கு இல்லை, யாராவது உதவுங்கள் என்பதற்கான அடையாளம். இரண்டு நாளில் அதே வரிசையில் இன்னும் சில ஜன்னல்களில் துணி வந்துவிட்டது. நானும் கணவரும் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்ப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். வாங்க வந்த பெண் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தாள். நோய்க்குப் பயந்தா, தான் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுமே என்றா, தெரியவில்லை.

அதே சமயம் விமானங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. சரக்கு விமானம்தான் அதிகம். மருந்து, கருவி, தடுப்பூசி. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவரச் சிறப்பு விமானங்கள் வந்தன. கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு சிறு விமானங்கள் வந்தன. பழைய கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவருடைய குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதித்ததில் பாதிப் பேருக்கு இருந்தது. மீதிப் பேரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரே நாளில் எங்களில் பாதி இல்லை. மிச்சமிருந்த எங்கள் குழு இரண்டு குழுவின் வேலையையும் பார்க்க வேண்டும்.

இதை வெளியாட்களுக்குப் புரியவைக்கவே முடியாது. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஆள் போடுவோம். ஆள் இல்லையென்றால் இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றாக்கி ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். ஒருவரால் ஓரளவுக்கு மேல் பார்க்க முடியாது. ஆகவே, உள்ளே விடுகிற விமானங்களைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். ஒரு விமான நிறுவனத்திலிருந்து என் மேசைக்குப் போன் வந்தது. பேசியவர் தமிழர்தான். "பாஸ் வானத்த பாருங்கன்னு சொல்றாரு ஆன்டி, ஒண்ணுமே இல்ல, எதுக்கு லா டிலே?" என்று பரிதாபமாகக் கேட்டார். வானம் இருக்கிறது, விமானம் இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை என்றேன். அவர் தன் அலுவலகத்திலும் இருவர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்.

அண்ணனுக்கும் நோய் இருந்தது. அவர் மனைவிக்கும் இருந்தது. இருவரும் கிள்ளான் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். முதல் சில நாள் போனில் நன்றாகவே பேசினார். சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை, அவள் சமையல்தான் காரணம் என்று நினைத்தேன் என்றார். பின்னால் அவர் மனைவி திட்டுவது கேட்டது. எத்தனை போடுகிறாய் என்று என் எண்ணிக்கையைக் கேட்டார். சொன்னேன். ரொம்பக் கம்மி என்றார். ஆள் இல்லையே அண்ணே என்றேன். ஆமாம், நானும் இங்கே படுத்திருக்கிறேன் என்று சிரித்தார். சிரித்த பிறகு இருமல் நிற்கவில்லை.

மகளுக்கு அவர் சொல்லவில்லை. அவள் அங்கே வார்டில் இதே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போனில் அப்பாவின் மூச்சைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை விரலில் மாட்டச் சொல்லி, காலையும் மாலையும் எண்ணைக் கேட்டாள். ஒரு நாள் அவர் உண்மையைவிடக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். மனைவி போனைப் பிடுங்கிச் சரியான எண்ணைச் சொன்னார். ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லி மகள் அங்கிருந்து அழுதாள். ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. எல்லா வீட்டிலும் அதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும் வரை சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி இரண்டு நாளாக வீட்டுக்கே போகவில்லையாம். யாரைக் குறை சொல்வது?

அவர் மனைவி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. நான் வார்டுக்குள் போகக்கூடாது. மகள் கடலுக்கு அந்தப் பக்கம். இந்தியாவிலிருந்து வழக்கமான விமானங்கள் நின்று வெகுநாளாகியிருந்தது. எங்கெங்கோ எழுதி, யார் யாரையோ பிடித்து, சென்னையிலிருந்து வருகிற ஒரு சிறப்பு விமானத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குச் செய்தி அனுப்பினாள். "ஆன்டி, சீட் கிடைச்சிருச்சு. அப்பாகிட்ட சொல்லிடுங்க, வந்துடுவேன்னு." அவரிடம் சொன்னேன். பேச முடியாமல் கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பினார். வந்தாலும் அவளை நேரே ஹோட்டலுக்குக் கொண்டுபோய் இரண்டு வாரத்துக்கு மேல் தனிமையில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மூவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் வரவேண்டிய நாளன்று காலையில் எங்கள் குழுவிலும் ஒருவருக்குக் காய்ச்சல் அடித்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே ஒன்றாக்கியிருந்த வானத்துண்டுகளை இன்னும் ஒன்றாக்கினோம். மத்தியானத்துக்கு மேல் கிள்ளான் பக்கமிருந்து மழை எழுந்தது. திரையில் அது சிவப்பாகப் பரவி விமானங்கள் இறங்குகிற பாதை மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எண்ணிக்கையைக் குறைத்தேன். மறுபடியும் குறைத்தேன். இன்னும் ரெண்டு போடலாம் என்று சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு அவரே சொல்லியிருக்கமாட்டார். ரேடார் முன்னால் இருந்தவர்கள் விடிந்ததிலிருந்து இருக்கையைவிட்டுச் சரியாக எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் குரலைக் கேட்டாலே தெரிந்தது.

யார் முதலில், யார் பின்னால் என்பதற்கு விதி இருக்கிறது. ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பதற்கு முதல் இடம். நோயாளியை ஏற்றி வருவதற்கு இடம். மருத்துவச் சரக்குக்கு இடம். சென்னை விமானம் இன்னும் தரையில் நின்றது. தரையில் நிற்பதற்கு எரிபொருள் தீராது, ஆபத்து இல்லை. ஆகவே அதுதான் காத்திருக்க வேண்டும்.

என் மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. மலாய் வழக்கப்படி மரியாதையாகப் புவான் என்றுதான் அழைப்போம். அண்ணனோடு என்னைவிட அதிக வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் போய், சென்னை விமானத்தில் யார் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு என் திரையின் முன் குனிந்தார். சரி, நீயே சொல், எதைப் பின்னால் தள்ளலாம் என்று மெதுவாகக் கேட்டார். அதட்டலாக இல்லை. உண்மையில் அவரும் தேடினார். இருவரும் மேலிருந்து கீழ்வரை பார்த்தோம். சரவாக்கின் கூச்சிங்கிலிருந்து ஒரு குழந்தையை இருதய அறுவைக்குக் கொண்டுவருகிற விமானம். ஆக்சிஜன் கருவிகள் ஏற்றிய சரக்கு விமானம். மழையால் ஏற்கெனவே ஒரு முறை சுற்றிவிட்டு எரிபொருள் குறைந்துபோன ஒன்று. புவான் என் தோளில் கை வைக்க வந்து, தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். நான் சென்னைக்குத் தாமதத்தைப் பதிந்து அனுப்பினேன்.

கட்டுப்பாட்டு அறைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. இடைவேளையில் வெளியே வந்து கைப்பேசி வைக்கிற பெட்டியைத் திறந்தபோது அவளுடைய செய்தி இருந்தது. "ஆன்டி, கதவ மூடி ரொம்ப நேரமாச்சு. கோலாலம்பூர்லதான் பிரச்சினைன்னு பைலட் சொல்றாரு. உங்களால ஏதாச்சும் செய்ய முடியுமா?" பதில் எழுதினேன், அழித்தேன். கடைசியில், மழைம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று அனுப்பினேன். அது பொய் இல்லை.

மழை நின்றது. ஆனால் அதற்குள் காத்திருந்த மற்றவை வரிசையில் சேர்ந்துவிட்டன. இரண்டாவது முறையும் அந்த விமானத்தைத் தள்ள வேண்டி வந்தது. அதற்குமேல் அந்த விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது. அவர்கள் சட்டப்படி பறக்கக்கூடாது. பயணிகளை இறக்கிவிட்டார்கள். விமானம் மறுநாள் காலைக்குப் போயிற்று.

மறுநாள் காலை ஷிப்டும் எனக்குத்தான். ஆள் இல்லாததால் தொடர்ந்து வந்துகொண்டிருந்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சென்னை விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அது வங்கக் கடல் மேல் வந்துகொண்டிருந்தபோது என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஏதோ விமான நிறுவனம் என்று எடுத்தேன். இரைச்சல். யாரோ நடக்கிற சத்தம், கருவிகள் கத்துகிற சத்தம். பிறகு அண்ணனின் குரல். அந்த மேசையின் எண் அவருக்கு மனப்பாடம். தன்னுடையதில் சார்ஜ் இல்லாமல் நர்ஸின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டிருந்தார்.

குழாய் போடப் போறாங்க தங்கச்சி என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். தொண்டையில் சுவாசக் குழாய் போட்டு மயக்கத்தில் வைப்பதற்கு முன்னால் வீட்டாரோடு பேசிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவியோடு பேசிவிட்டாராம். மகளுக்குப் போட்டால் போகவில்லை என்றார். அவள் கைப்பேசி அணைந்திருந்தது. அவள் வானத்தில் இருந்தாள். முந்தைய நாளே வந்திருந்தால் ஹோட்டல் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நம்ம கைக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார்.

ஒரு விமானம் ஒரு நாட்டின் கட்டுப்பாட்டிலிருந்து அடுத்த நாட்டின் கட்டுப்பாட்டுக்கு மாறுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். திரையைப் பார்த்தேன். அந்தமானுக்கு இன்னும் மேற்கே இருந்தது.

"இன்னும் இல்லண்ணே. சென்னைக்காரங்க கையிலதான் இருக்கு. முப்பத்தேழாயிரம் அடியில வருது. கொஞ்ச நேரத்துல நம்மகிட்ட வந்துடும்."

சரி என்றார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதே நேரம் பக்கத்துத் தொலைபேசியும் அடித்தது, ரேடார் வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கி என்னைக் கூப்பிட்டார். அண்ணனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அந்த அறையின் சத்தம் எதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீ வேலய பாரு" என்றார். வைத்துவிட்டார்.

நான் வேலையைப் பார்த்தேன். சென்னை விமானம் எங்கள் கைக்கு வந்தது. பினாங்குக்கு மேலாக இறங்கத் தொடங்கி, காத்திருக்காமல், சுற்றாமல், நேராக வந்து இறங்கியது. அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை.

அவளை விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குள் ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். அவள் அப்பா அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை. பார்க்க அனுமதி கேட்டு அவள் எழுதினாள், நானும் எழுதினேன். ஹோட்டலில் இருந்த அதிகாரி நல்லவர். அவரும் மேலே எழுதினார். கேட்டவர்கள் எல்லோருக்கும் அதே காரணம்தான் இருந்தது, எல்லோருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அவள் ஜன்னலிலிருந்து ரயில் பாதை தெரியுமாம். கிள்ளானுக்குப் போகிற கொமுட்டர் ரயிலைத் தினமும் பார்க்கிறேன் ஆன்டி என்றாள். அவர் இறந்தபோது அவளுடைய தனிமைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது.

தகனம் கிள்ளானில் நடந்தது. வெள்ளை உடுப்பு போட்ட நான்கு பேர் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். எங்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவிக்கு நோய் போய்விட்டிருந்தது, உடம்பில் தெம்பு வரவில்லை. காரிலேயே கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். நான் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் மகளின் முகம். "ஆன்டி, கொஞ்சம் கிட்ட போங்க" என்றாள். போகக்கூடாதும்மா என்றேன். சரி, பெரிதாக்கிக் காட்டுங்கள் என்றாள். பெரிதாக்கினால் படம் கலங்கியது. வெள்ளை உடுப்பும் பெட்டியும் கலந்து ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அப்பா, அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். சத்தமாக இல்லை, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அடுத்த வண்டி வாசலில் காத்திருந்தது.

அவள் ஹோட்டலிலிருந்து வெளியே வந்த நாளில் நான்தான் போய்க் கூட்டிவந்தேன். ஒரே பெட்டி. காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஃபெடரல் ஹைவேயில் சுங்கை வே தாண்டினோம். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு ஃப்ளைட்ட நிறுத்துனது யாரு ஆன்டி? எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"நான்தாம்மா."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. மழையைச் சொன்னேன், ஆள் இல்லாததைச் சொன்னேன், கூச்சிங் குழந்தையைச் சொன்னேன். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. இறங்கிய பிறகு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. அவள் தலையை ஆட்டினாள். மருத்துவம் படிக்கிற பெண். வார்டில் யாருக்குப் படுக்கை, யாருக்கு இல்லை என்று தினமும் பார்த்துவிட்டு வந்தவள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்தது. புரியாமல் என்னைத் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டாள். சொன்னேன். நம்ம கைக்கு வந்துட்டாளா என்பதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள். கிள்ளான் பாலம் வரும்போது, அந்த அறையிலிருக்கிற எல்லாத் தொலைபேசிப் பேச்சும் பதிவாகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், இதுவும் பதிவாகியிருக்குமா, ஒரு தடவை கேட்க முடியுமா என்றாள்.

பதிவாகியிருந்தது. அவள் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாளே புவானிடம் போனேன். அந்தப் பதிவுகள் விபத்து விசாரணைக்காக வைப்பது, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும். வெளியாளுக்குக் கொடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். புவான் என் கண் முன்னாலேயே மேலே எழுதினார். மேலே இருந்தவர்களில் சிலர் நோயில் இருந்தார்கள், சிலர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். கோரிக்கை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. அனுமதி கிடைத்தது. அனுமதி வந்த அன்று பதிவு இல்லை, அதன் மேல் வேறு நாட்களின் பேச்சு ஏறிவிட்டது. புவான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லும்போது அழுதுவிட்டார். அவரிடம் நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மத்தியானத்தை நான் எத்தனையோ தடவை திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். குளிக்கும்போது, கார் ஓட்டும்போது. எங்கேயாவது நான் தப்பு செய்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்திருக்கும். அந்த இடம் கிடைக்கவே இல்லை. எண்ணிக்கை சரி. வரிசை சரி. வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். என் கணவர் இதை ஆறுதலாகச் சொல்வார். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். எல்லோரும் சரியாகவே செய்தும் ஒரு மனிதர் மகளோடு பேசாமல் போய்ச்சேர்ந்தார் என்றால், அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால், நீ ரொம்ப யோசிக்கிற என்பார். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இப்போது திரை நிறைந்துவிட்டது. சாயங்காலத்தில் நீரிணை மேல் பழையபடி வரிசை நிற்கிறது. அவர் நாற்காலியில் ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் உட்காருகிறார். கெட்டிக்காரர். நான் போடுகிற எண்ணிக்கையை மறுத்துப் பேசுவதில்லை. ஆள் பற்றாக்குறை முழுதாகத் தீரவில்லை. போனவர்கள் போனதுதான், புதியவர்கள் பழக வருஷமாகும். தாமதம் என்று தினமும் போன் வருகிறது. பேசுகிறவர்கள் கோபமாகப் பேசுகிறார்கள். அந்த வருஷங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவள் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு இருந்தாள். பிறகு போய் முடித்தாள். இப்போது வடக்கே கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு எனக்குச் செய்தி அனுப்புவாள், மரியாதையாக இரண்டு வரி. போன தீபாவளிக்கு அவர்கள் கிள்ளான் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் அம்மா முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, பஸ்ஸில் வருகிறாள், ஜாமில் மாட்டிக்கொண்டாளாம், நடுராத்திரி ஆகிவிடும் என்றார். அலோர் ஸ்டாரிலிருந்து விமானத்தில் வந்தால் ஒரு மணி நேரம்தானே என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவரே சொன்னார்.

"அவ ஃப்ளைட் எடுக்கறதில்லம்மா. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திவிட்டு, சாப்பிடும்மா என்றார். ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன். அவள் வரும்வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை ஷிப்ட் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.